எண்பதம் என்றொரு சொல்

கனடாவில் வாழும் என் தமக்கையாரின் பேத்தி, சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகின்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை, சென்ற மார்கழி மாதத்தில் ஒருநாள், நான் மடத்துவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையிலே சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, கடற்பக்கமிருந்து வீசிய வாடைக் காற்றுக்குச் சால்வையைப் போர்த்தபடி இருந்த வேளையில், தொலைபேசியில் அழைத்தாள். இங்கே விளக்கு வைக்கிற நேரம். அங்கே அவளுக்கு விடிந்து பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தமாகிற நேரம்.

"தாத்தா, எங்கட ரீச்சர் நல்ல அப்ரோச்சபிள் எண்டு தமிழிலை எழுதவேணும். நான் 'அணுகக்கூடியவர்' எண்டு எழுதினன். அம்மா சிரிக்கிறா. வேறை சொல் இருக்கோ?"

"கொஞ்சம் பொறு மோனை, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். மறுமொழி சொல்வதற்கு எனக்கு நான்கு நாட்கள் சென்றன. அந்த நான்கு நாட்களும் என் சிந்தையில் ஓடியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பிள்ளை எழுதிய சொல்லில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அண்மை, அணை, அண்டு என்பவற்றோடு ஓரினமாகிய அணுகு என்னும் வினை நல்ல பழந்தமிழ் வினைதான். ஆயினும் எங்கள் காதில் அது மனிதருக்குப் பொருந்துவதாகப் படவில்லை. நயினாதீவிலிருந்து வருகின்ற வள்ளம் குறிகட்டுவான் துறையை அணுகும். வங்கக் கடலில் எழுந்த புயல் கரையை அணுகுகிறது என்று வானொலியில் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயினியைக் குறித்து அப்படிச் சொல்லும்போது, அவரை ஒரு கரையாகவும் பிள்ளையை ஒரு வள்ளமாகவும் வைத்து, இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்ப்பது போல இருக்கிறது. ஆங்கிலச் சொல்லும் அத்தகையதே. இலத்தீனிலே அருகு என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தை அடைந்த சொல் அது. நெருங்கிச் செல்லுதல் என்பதே அதன் கருத்து. அஃதாவது, நடக்கிறவன் சிறியவன். பெரியவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். தமிழ் இந்தக் குணத்தை வேறொரு திசையிலிருந்து நோக்கியது என்பதை இந்த நான்கு நாட்களில் நான் மறுபடியும் கற்றுக்கொண்டேன்.

புத்தகங்களைத் திறப்பதற்கு முன்னே ஊரின் வாய்ச்சொற்களை நினைத்துப் பார்த்தேன். ஒருவரை நல்லவர் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் தீவகத்துப் பெண்கள் முதலிலே சொல்வது, "அவர் முகம் குடுத்துக் கதைக்கிற மனிசன்" என்பதுதான். இன்று இலங்கைப் பத்திரிகைகளில் சவால்களுக்கும் பிரச்சினைகளுக்கும் முகங்கொடுப்பதாக நாள்தோறும் எழுதுகிறார்கள். ஆனால் எங்கள் ஆச்சிமாரின் வாயில் அந்தத் தொடர் எதிர்த்து நிற்பதைக் குறித்ததன்று, தன் முகத்தை மற்றவருக்குத் தானமாகக் கொடுப்பதைக் குறித்தது. கை நீட்டிப் பொருள் கொடுப்பவர் வேறு, முகம் கொடுப்பவர் வேறு என்ற விவேகம் அவர்களிடம் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு முகத்தைக் கொடாமல் திருப்பிக்கொண்டு போனவர்களை அவர்கள் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

வாரப்பாடு என்பது இன்னொரு சொல். "நல்ல வாரப்பாடான பிள்ளை" என்பார்கள். வாரம் என்றால் அன்பு. பழைய நூல்களில் பயின்று வருகிற அந்தப் பொருள் எங்கள் பேச்சில் வாடாமல் இருக்கிறது. பொட்டு என்ற சொல்லையும் நான் இந்தக் குடும்பத்திலேயே சேர்ப்பேன். பனைமட்டையாலும் கிடுகாலும் வேலிகளை நெருக்கமாக அடைத்து, காணிக்குக் காணி எல்லை வகுத்து வாழ்ந்த எங்கள் சனங்கள், அந்த வேலியிலேயே ஓர் ஆள் குனிந்து நுழையத்தக்க ஓரிடத்தை விட்டு வைத்து, அதற்குப் பொட்டு என்று பெயரும் இட்டார்கள். உப்பு, புளி, செத்தல் மிளகாய் முதல் பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவிச்சியைக் கூப்பிடும் செய்தி வரைக்கும் அந்தப் பொட்டுக்குள்ளாலேதான் போயிற்று. படலையாலே வருகிறவர் விருந்தாளி. பொட்டுக்குள்ளாலே வருகிறவர் உறவு.

ஊரின் பெயரையும் சொல்ல வேண்டும். வேலணையிலிருந்து வாணர் பாலத்தைக் கடந்து புங்குடுதீவில் கால் வைக்கிறவர் சந்திக்கிற எங்கள் கிராமத்துக்கு மடத்துவெளி என்று பெயர். மடம் என்பது வழிப்போக்கரும் யாத்திரீகரும் தங்குவதற்குரிய இடம். வெளி என்பது திறந்த நிலம். யாழ்ப்பாணத்தில் கந்தர்மடம், ஓட்டுமடம், பருத்தித்துறையிலே தெருவை மூடிக் கட்டிய தெருமூடிமடம் என்று எத்தனையோ இடங்கள் இந்தச் சொல்லைச் சுமந்து நிற்கின்றன. பணக்கார வீடுகளின் வாசலிலே கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை கட்டி, ஒரு பானையில் தண்ணீரும் வைத்து, வெயிலிலும் மழையிலும் சங்கடப்பட்டு வருகிறவர் இளைப்பாறிப் போவதற்கென்று அமைத்த வாயிலுக்குச் சங்கடப்படலை என்று பெயர் வைத்தவர்களும் எங்கள் முன்னோரே. அறம் என்று தனியே பிரசங்கம் செய்யாமல், அதைக் கூரையாகவும் திண்ணையாகவும் கட்டி வைத்த அந்தச் சுபாவத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

இனி நூல்களுக்கு வருகிறேன். பிள்ளை கேட்ட குணத்துக்கு நேரான தமிழ்ச் சொல் திருக்குறளில் இருக்கிறது. அது எண்பதம் என்பது. காட்சிக்கெளிமை என்பதை எல்லாரும் அறிவார்கள். இறைமாட்சி அதிகாரத்தில், குடிகள் அரசனைக் காண்பது எளிதாயும் அவன் வாயில் கடுஞ்சொல் இல்லாமலும் இருந்தால் அவனுடைய நிலத்தை உலகமே புகழும் என்ற கருத்தோடு வருகிற பிரசித்தமான சொல் அது. முறை வேண்டி வந்தவரும் குறை சொல்ல வந்தவரும் தன்னைக் காணும்படி அவையிலே சமயம் கொடுத்து இருப்பதுதான் அந்த எளிமை என்று பரிமேலழகர் விளக்கினார். எண்பதம் அத்துணைப் பிரசித்தி அடையவில்லை. செங்கோன்மை அதிகாரத்தில் ஒருமுறையும் பண்புடைமை அதிகாரத்தில் ஒருமுறையும் அதனை வள்ளுவர் எடுத்தாள்கிறார்.

எண் என்பது இங்கே எண்ணிக்கை அன்று. வெள் என்னும் அடியிலிருந்து வெண்மையும், ஒள் என்பதிலிருந்து ஒண்மையும் வந்தது போல, எள் என்னும் அடியிலிருந்து எண்மை வந்தது. எண்மை என்றாலும் எளிமை என்றாலும் ஒன்றே. பதம் என்பது செவ்வி. அஃதாவது ஒரு பொருள் தன் காரியத்துக்கு இசைந்து நிற்கிற நிலை. சோறு பதமாயிற்று என்கிறோம். பாகு பதம் தப்பிற்று என்கிறோம். மழை பெய்து நிலம் உழுவதற்கு இசைந்திருப்பதை ஈரப்பதம் என்கிறோம். எண்பதம் என்றால், ஒரு மனிதர் பிறர் தம்மிடம் இலேசாக வந்து சேர்வதற்கு இசைந்த பக்குவத்தில் இருத்தல். வருகிறவனுடைய நடையைப் பற்றியோ இடையிலுள்ள தூரத்தைப் பற்றியோ இந்தச் சொல்லில் ஒரு வார்த்தையும் இல்லை. இருக்கிறவருடைய பக்குவமே முழுப்பொருள். மண் காய்ந்து இறுகிக் கிடந்தால் ஏரைக் குறை சொல்லிப் பயன் என்ன?

இவ்விரண்டு குறள்களுக்கும் இடையிலே ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. செங்கோன்மையில் எண்பதம் அரசனுக்குரிய கடமை. அதில் தவறி, வந்தவரை விசாரித்து முறை செய்யாதவன், பகைவர் இல்லாமலே தாழ்ந்து கெடுவான் என்பது தீர்ப்பு. ஐம்பத்தைந்தாவது அதிகாரத்தில் மன்னனுக்கு விதித்ததை, நூறாவது அதிகாரத்துக்கு வரும்போது வள்ளுவர் எல்லா மனிதருக்கும் உரிய குணமாக மாற்றிவிடுகிறார். எல்லாரிடத்திலும் எண்பதமாக நடந்துகொண்டால், பண்புடைமை என்கிற பெரிய நெறி தானே எளிதில் வந்து கைகூடும் என்கிறார். அரண்மனை வாயிலுக்குச் சொன்ன நியாயம் எங்கள் வீட்டுப் படலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இதற்கு எதிரான நிலையையும் அவர் சொல்லாமல் விடவில்லை. காண்பதற்கு அருமையான செவ்வியும் இனிமையற்ற முகமும் உடையவனுடைய பெருஞ்செல்வத்தைப் பேயின் வசப்பட்ட செல்வமாகக் காண்கிறார். செவ்வியையும் முகத்தையும் அவர் ஒருங்கே வைத்ததைப் பார்த்தபோது, முகம் கொடுத்துக் கதைக்கிற மனிசரைப் போற்றிய எங்கள் ஆச்சிமாரே எனக்கு நினைவுக்கு வந்தார்கள். எழுத்தறியாத அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு ஒரு குறளாவது மனப்பாடமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். பொருள் மட்டும் பிசகாமல் அவர்கள் நாவில் இருந்தது.

எங்கள் இலங்கைச் சரித்திரத்திலேயே எண்பதத்தை ஒரு கருவியாகச் செய்து தொங்கவிட்ட அரசன் ஒருவன் உண்டு. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன், தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி, நீதி வேண்டுகிற எவரும் இழுக்கும்படி அதன் கயிற்றை நீள விட்டிருந்தான் என்று மகாவம்சத்தின் இருபத்தோராம் அத்தியாயம் சொல்கிறது. அவனை வென்ற துட்டகைமுனுவைக் காவிய நாயகனாகக் கொண்டு எழுதப்பட்ட நூலே இதை மறைக்காமல் சொல்வதால், அதன் கௌரவம் இரட்டிப்பாகிறது. மணியைச் சபா மண்டபத்தில் கட்டாமல் தலைமாட்டில் கட்டினான் என்பதை நான் விசேஷமாகக் கருதுகிறேன். உறக்கத்தையும் பிறர் கலைக்கலாம் என்று அநுமதி கொடுப்பதற்கு மேல் எளிமை வேறு என்ன இருக்கிறது?

அரசனுக்குச் சொன்னதை ஆண்டவனுக்குச் சொன்னவர்கள் ஆழ்வார்களும் நாயன்மார்களும். இந்தக் குணத்துக்கு வைஷ்ணவ ஆசாரியர்கள் சௌலப்பியம் என்று பெயரிட்டு, அதன்மேல் ஒரு பெரிய தத்துவத்தையே எழுப்பினார்கள். சுலபம் என்று நாம் கடைத்தெருவில் வழங்குகிற சொல்லின் பண்புப்பெயர்தான் சௌலப்பியம். அடைதல் என்று பொருள்படும் லப் என்னும் வடமொழித் தாதுவிலிருந்து லாபம் வந்தது. அடைதற்கு அரியது துர்லபம் ஆயிற்று. அடைதற்கு எளியது சுலபம் ஆயிற்று. கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற லாபமும் கடவுளின் கலியாண குணமும் உடன்பிறந்த சொற்கள் என்பதை முதன்முதலில் அறிந்த நாளில் நான் அடைந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

பரத்துவம், சௌலப்பியம் என்ற இரண்டையும் அவர்கள் எதிரெதிரே நிறுத்தினார்கள். பரத்துவம் எல்லாவற்றுக்கும் மேலாக இருத்தல். சௌலப்பியம் எல்லாருக்கும் கைக்கு எட்டுதல். நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதற் பதிகத்தில் பரத்துவத்தைப் பாடிவிட்டு, மூன்றாம் பதிகத்தில் சௌலப்பியத்துக்கு இறங்கி வந்து, வெண்ணெய் களவாடி அகப்பட்டு உரலோடு கயிற்றினால் கட்டுண்டு அழுத பிள்ளையை நினைத்த மாத்திரத்தில் ஆறு மாத காலம் மோகித்துக் கிடந்தார் என்பது சம்பிரதாயத்தில் வழங்குகிற செய்தி. உலகங்களைப் படைத்த பெருமையை நினைத்தபோது அவர் மயங்கவில்லை. கட்டுண்ட எளிமையை நினைத்தபோதே மயங்கினார். பிள்ளை லோகாசாரியர் முமுட்சுப்படியிலே சௌலப்பியத்துக்குப் பக்கத்தில் சௌசீல்யம் என்ற இன்னொரு குணத்தையும் வைக்கிறார். பெரியவர் ஒருவர் தாழ்ந்தவரோடு வேற்றுமை தோன்றாமல் கலந்து பழகுவது சௌசீல்யம். குகனை இராமன் தோழமை கொண்டது அதற்கு உதாரணமாக எப்போதும் சொல்லப்படுவது. கிட்டே வர விடுவது ஒரு குணம், வந்தவன் தன் சிறுமையை உணராதபடி நடந்துகொள்வது மற்றொரு குணம் என்று பகுத்த அந்த நுட்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்தவனை மேலும் கீழும் பார்க்கிறவர்களை நாம் அறிவோம் அல்லவா?

நாங்கள் சைவர்கள். எங்கள் புராண படனங்களில் இந்தத் தத்துவத்தின் பெயர் அடிபடுவதில்லை. ஆனால் பொருள் நிறைந்திருக்கும். சுந்தரருக்காகப் பரவையார் வீட்டுக்கு ஒரே இரவில் இரண்டு தரம் தூது நடந்த பெருமானும், பிட்டுக்கு மண் சுமந்த பெருமானும் எளிவந்த பெருமானே. எளிவருதல் என்ற அந்தத் தமிழ்த் தொடரில் திசை மாறியிருப்பதைக் கவனியுங்கள். இங்கே நடந்து வருகிறவர் பெரியவர். திருப்புன்கூர்க் கோயில் வாயிலுக்கு வெளியே நின்ற திருநாளைப்போவார், உள்ளே இருக்கும் இறைவனைக் காண முடியாமல் வருந்தியபோது, இடையிலே மறைத்துக் கிடந்த நந்தியை இறைவன் விலகச் செய்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. காட்சிக்கெளிமை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உரை அந்த விலகிய நந்திதான்.

இவ்வளவையும் ஒன்றுசேர்த்துக்கொண்டு, சரி, பிள்ளைக்கு மறுமொழி சொல்லிவிடலாம் என்று எண்ணியிருந்த மூன்றாம் நாள் இரவில், என் நினைவில் வேறொரு குரல் எழுந்தது. அது என் அம்மம்மாவின் குரல். முகம் கொடுத்துக் கதைப்பதைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்த அதே அம்மம்மா, பொட்டுக்குள்ளாலே வந்தவருக்கெல்லாம் மோர் வார்த்த அதே அம்மம்மா, கோபம் வந்தபோது "எளிய மூதேவி" என்று வைகிற குரல். குறித்த சில குடிகளைச் சுட்டி, கோபமே இல்லாமல், வெறும் வழக்கமாக, "எளியதுகள்" என்று சொல்கிற குரல்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எளிய சாதி, எளிய நாய், எளிய பண்டி என்று, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் கேட்டால் திகைக்கும்படி, அந்தச் சொல்லை நாங்கள் வசையாக்கி வைத்திருக்கிறோம். வள்ளுவர் மன்னனுக்கு முடிசூட்டிய சொல். ஆழ்வார் மோகித்த குணத்தின் சொல். எங்கள் முற்றத்தில் அது நாயை விரட்டுகிற சொல்லாயிற்று. எங்ஙனம் ஆயிற்று என்று கேட்டால், வேரிலேயே அதற்கு இடம் இருந்தது என்பதே என் அபிப்பிராயம். எள் என்ற அடியிலிருந்து எளிமையும் எண்மையும் பிறந்தது போலவே, இகழ்தல் என்று பொருள்படும் எள்ளுதலும் பிறந்தது. சிரிப்புப் பிறக்கும் இடங்களை எண்ணுகிற தொல்காப்பியர் எள்ளலையே முதலாவதாக வைத்தார். அகராதிகளும் எளிமைக்கு நேரே இலேசு என்பதையும் வறுமை என்பதையும் தாழ்வு என்பதையும் பக்கம் பக்கமாக நிறுத்துகின்றன. கைக்கு எட்டுகிற பொருளை மதிப்பதும் மனித சுபாவம், எள்ளுவதும் மனித சுபாவம். பெரியவர் எளியராக இருந்தபோது அதனைக் குணம் என்றோம். ஏழை எளியனாக இருந்தபோது அதனைக் குற்றம் என்றோம். சொல்லில் பிழை இல்லை. பிழை எங்களிடத்தில் இருந்தது.

அந்தப் பிழையின் முழு உருவத்தைக் காட்டுவதற்குக் கிணற்றைத்தான் காட்ட வேண்டும். தீவகத்தில் நல்ல தண்ணீருக்கு உள்ள அருமையை வெளியார் எளிதில் உணரமாட்டார்கள். சுண்ணாம்புக் கற்பாறைக்குள்ளே, கடலின் உவர்நீருக்கு மேலே, மழைநீர் ஒரு மெல்லிய படையாகத் தங்கி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும். ஆகவே ஊரிலே பல கிணறுகள் உவராயிருக்க, சில மாத்திரம் நன்னீராயிருக்கும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டை கணக்காக நடந்து அந்தச் சில கிணறுகளுக்கு வருகிற பெண்களில் ஒரு பகுதியார், துலாவையோ கயிற்றையோ பட்டையையோ தொடக்கூடாது. கிணற்றுக்கட்டிலிருந்து விலகி நிற்க வேண்டும். யாராவது ஒருவர் மனம் இரங்கி வார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். சங்கடப்படலையில் தண்ணீர்ப் பானை வைத்த அதே ஊர்தான் இதையும் செய்தது. என் அம்மம்மாவும் அப்படித்தான் மேலேயிருந்து வார்த்தார், கீழே இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு குனிந்து நின்ற, என்னிலும் இரண்டு வயது மூத்த ஒரு பையனுடைய முகத்தை நான் கண்டேன், வாய் திறக்கவில்லை. அன்று எனக்கு வயது எட்டு.

இதை எதிர்த்து எழுந்தவர் புங்குடுதீவின் புதல்வரே. 1935இல் இங்கே பிறந்த மு. தளையசிங்கம், சிறுகதை ஆசிரியராகவும் விமரிசகராகவும் தத்துவ சிந்தனையாளராகவும் ஈழத்து இலக்கியத்தில் தனக்கென ஓரிடம் பெற்றவர். புதுயுகம் பிறக்கிறது, போர்ப்பறை, மெய்யுள் என்ற அவருடைய நூல்களைப் பற்றித் தமிழ்நாட்டிலும் இன்றுவரை பேசுகிறார்கள். பொதுஇடங்களில் சாதி காட்டி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று சொல்லும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறிவிட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்கான போராட்டமும் நடந்துவிட்டது. ஆயினும் எங்கள் நன்னீர்க் கிணற்றுக் கயிறு மட்டும் விலகவில்லை. திருப்புன்கூரில் கல்லாலாகிய நந்தி விலகியது. இங்கே தும்புக் கயிறு விலகவில்லை. 1971இல் தளையசிங்கம், ஒதுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு, அந்தக் கிணற்றிலே அவர்களும் தங்கள் கையால் நீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்தார். பொலிசார் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்தார்கள். அதன்பின் அவருடைய தேகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1973இல், நாற்பது வயதை எட்டுமுன், அவர் காலமானார்.

சௌலப்பியத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். கைக்கு எட்டுதல் என்றால் என்ன என்பதைக் கிணற்றுக் கயிற்றிலே கை வைத்துக் காட்டியவர் அவர். உண்மையை நூலில் எழுதுவதோடு நிற்காமல் வாழ்விலே நடத்திக் காட்ட வேண்டும் என்று சொன்ன ஒரு சிந்தனையாளர், தம் ஊரில், தமக்குத் தெரிந்த சனங்களுக்கு எதிரே, உறவினரின் முகச்சுளிப்பையும் தாங்கிக்கொண்டு அதைச் செய்தார் என்பதை எண்ணும்போது, அவர் பிறந்த மண்ணில் பிறந்தேன் என்பது எனக்குப் பெருமையாயும், அந்தப் பெருமைக்கு நான் என்ன செய்தேன் என்பது வேதனையாயும் இருக்கிறது.

இப்போது ஊர் அப்படி இல்லை. 1990களின் தொடக்கத்தில் யுத்தம் எங்கள் எல்லாரையும் ஒரே பாதையால் கிளப்பிற்று. வாணர் பாலத்தைக் கடந்து போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிஸிலும் இலண்டனிலும் அவர்களுடைய பிள்ளைகள் வளர்கிறார்கள். இங்கே கூரையிழந்த வீடுகளும், பற்றை மூடிய கிணறுகளும், ஆளில்லாத படலைகளும் இருக்கின்றன. யார் அள்ளலாம் யார் அள்ளக்கூடாது என்று சண்டை நடந்த நாட்கள் போய், அள்ள ஆளில்லாத கிணறுகள் பெருகிய காலத்தில் நாங்கள் இருக்கிறோம். ஆனால் சொல் போகவில்லை. கடல் கடந்தும் அது போயிருக்கிறது. சென்ற ஆண்டு வெளிநாட்டிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தில், இந்த மண்ணைத் தன் வாழ்நாளில் முதன்முறையாக மிதித்த ஒரு இளைஞன், தன் தம்பியைப் பகடியாக "எளிய நாய்" என்று வைததை என் காதால் கேட்டேன். அவனுக்கு அதன் பொருள் தெரியாது. தமிழில் தனக்குத் தெரிந்த சில சொற்களில் ஒன்றாக அதை அவன் வைத்திருக்கிறான்.

நான்காம் நாள் பேத்திக்கு நானே தொலைபேசி எடுத்தேன்.

"எண்பதம் எண்டு எழுது மோனை."

"எண்பது மாதிரிக் கிடக்கு, தாத்தா."

"எண்பது இல்லை. எளிமையான பதம். உன்ரை ரீச்சரிட்டைப் போறதுக்கு உனக்குப் பயம் இல்லையெல்லோ, அந்தக் குணம் அவவின்ரை. உன்ரை இல்லை."

அவள் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். வாக்கியமாக எழுதும்போது 'எங்கள் ஆசிரியை எளிமையானவர், முகம் கொடுத்துக் கதைப்பவர்' என்றும் எழுதலாம் என்று சொன்னேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. எளிய என்ற சொல் கூடாத சொல் என்று யாரோ தனக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அது நல்ல சொல் என்று மட்டும் சொன்னேன்.

இதை வாசிக்கின்ற புங்குடுதீவு மக்களிடமும், நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலாகத் தீவகமெங்கும் பிறந்து எங்கெங்கோ வாழ்கின்ற உறவுகளிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. இனிமேல் ஒருவரை வைவதற்கு எளிய என்ற சொல்லை எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது எடுத்தால், பிள்ளைகளுக்கு முன்னாலேயே தடுத்து, அது வள்ளுவர் அரசனுக்கும் அடியார்கள் ஆண்டவனுக்கும் கொடுத்த சொல் என்று எடுத்துச் சொல்லுங்கள்.